கடல் மேல் ஒரு குடித்தனம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் மிச்சக் காலத்தை எப்படிக் கழிப்பார்கள் என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? பேரப்பிள்ளைகளைப் பார்ப்பார்கள், வீட்டுக்குப் பின்னால் நாலு கத்தரிக் கன்று நடுவார்கள், மாதம் ஒருமுறை பென்ஷன் எடுக்க வங்கிக்குப் போவார்கள் என்றுதானே? நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இருந்த ஒரே வீட்டையும் விற்றுப் பாய்க்கப்பல் வாங்கி, மத்தியதரைக் கடலில் குடித்தனம் நடத்தும் ஒரு தம்பதியோடு ஏழு நாட்கள் இருந்துவிட்டு வந்த பின்பு அந்த எண்ணம் கொஞ்சம் ஆடிப் போய்விட்டது.

அவர்கள் இங்கிலாந்தில் என் மகளின் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள். பெரியவருக்கு 69 வயது, மின்சார வேலை பார்த்தவர். அம்மையாருக்கு 64 வயது, ஆஸ்பத்திரித் தாதியாக இருந்தவர். 2023 செப்டெம்பர் நடுப்பகுதியில் மகளும் நானும் துருக்கியின் தென்மேற்குக் கரையிலுள்ள கோஜெக் என்ற சிற்றூரில் அவர்களுடைய படகில் ஏறினோம்.

படகென்று சொன்னதும் நமது வள்ளத்தை நினைத்துவிடாதீர்கள். இதற்கு ஆங்கிலத்தில் கட்டமரான் என்று பெயர். நமது கட்டுமரம்தான் அவர்கள் வாயில் அப்படியாகிவிட்டது. 1697ல் வில்லியம் டம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி வெளியிட்ட பயண நூலிலேயே அந்தச் சொல் வந்துவிட்டது. ஆனால் பெயர் மாத்திரம்தான் நம்முடையது. நம்முடையது மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. இதுவோ ஒரே அளவான இரண்டு ஒடுங்கிய படகுகளை அருகருகே வைத்து, மேலே ஒரு தளத்தால் இணைத்தது. இந்த அமைப்புப் பசுபிக் தீவு மக்களுடையது. எப்படியோ நமது பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டது.

நான் ஏறிய படகு 12 மீற்றர் நீளம், 7 மீற்றர் அகலம். நடுத்தளத்தில் குசினியும் இருக்கை மேசையும். இரு பக்கமும் நாலு படி இறங்கினால் படுக்கையறைகள். ஒரு பக்கம் அவர்களுக்கு, மறுபக்கம் எங்களுக்கு. நடுவில் இடைவெளி இருந்ததால் சங்கோசப்பட ஒன்றுமிருக்கவில்லை. ஒற்றைப் படகு காற்றில் ஒரு பக்கமாகச் சரிந்து ஓடும். இது சரியாது. மேசையில் வைத்த தேத்தண்ணீர் வைத்தபடியே இருந்தது! இதில் ஒரு பயமுமிருக்கிறது. ஒற்றைப் படகின் அடியில் பாரமான ஈயமோ இரும்போ இருப்பதால் கவிழ்ந்தாலும் திரும்ப நிமிர்ந்துவிடும். இரட்டைப் படகு கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான். அதனால் காற்று ஏறுவதற்கு முன்பே பாயைச் சுருக்கிவிடுவார்கள். "சுருக்கலாமா என்று மனதில் கேள்வி வந்தவுடனேயே சுருக்கிவிட வேண்டும்" என்றார் அம்மையார்.

இனிக் குசினிக்கு வாருங்கள். உங்களுக்கு அதுதானே முக்கியம்? இரண்டு அடுப்பு, சிறிய வெதுப்பி, அழுத்தக் குக்கர் ஒன்று. பாண் வீட்டிலேயே சுடப்படுகிறது. கூரையில் விரித்துள்ள சூரியத் தகடுகளிலிருந்து பற்றரிக்கு மின்சாரம் வருகிறது, பிரிட்ஜ் அதில்தான் ஓடுகிறது. தண்ணீர்த் தாங்கி 600 லீற்றர். கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரமும் உண்டு, ஆனால் அது மின்சாரத்தைக் குடிக்கும். ஆகவே கோப்பைகளை முதலில் கடல்நீரில் கழுவி, கடைசியில் மட்டும் ஒரு கிண்ணம் நல்ல தண்ணீர். இரண்டாம் நாள் நான் பழக்கதோஷத்தில் குழாயைத் திறந்துவிட்டுக் கோப்பை கழுவினேன். அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. வந்து மெல்லக் குழாயை மூடிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கழிவறைத் தண்ணீரைக்கூட நினைத்தபடி கடலில் விட முடியாது. அந்தக் கரையில் அதைத் தாங்கியில் சேமித்து, துறைமுகத்தில் உறிஞ்சி எடுக்கக் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கான பதிவு நீல அட்டை ஒன்றில் ஏறுகிறது. நமது ஆறுகளை நினைத்துக்கொண்டேன்.

படுக்கைக்குக் கீழே ஒரு தையல் மெஷின் இருந்தது. பாய் கிழிந்தால் தைப்பதும், வெயிலுக்குக் கூடாரத் துணி தைப்பதும் அம்மையார்தான். எந்த நாட்டின் கடலுக்குள் நுழைந்தாலும் அந்த நாட்டுக் கொடியை மரியாதைக்காக ஏற்ற வேண்டும். துருக்கி, கிரேக்கம், இத்தாலி, அல்பேனியா, தியுனீசியா என்று எல்லாக் கொடிகளையும் அவரே தைத்து மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். தியுனீசியக் கொடியின் பிறையை வளைத்துத் தைப்பதற்கு மூன்று முறை பிரித்தாராம்.

கோஜெக் குடா முழுக்கச் சிறு தீவுகளும் பைன் மரக் காடுகளும். படகைக் கட்டும் முறையே வேறு. முன்னால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, பின்புறமாகக் கரையை நோக்கிப் போய், கயிற்றைக் கரையிலுள்ள கட்டையில் கட்டுகிறார்கள். இந்தக் கடலில் வற்றுப் பெருக்கு மிகக் குறைவு என்பதால் இது முடிகிறது. றப்பர் தோணியில் கயிற்றோடு கரைக்குத் துடுப்புப் போட்டது பெரியவரல்ல, அம்மையார்! ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை.

அங்கே காலையில் ஒரு சிறு படகு வரும். உள்ளே தலையில் துணி கட்டிய தாயும் மகளும். வட்டப் பலகையில் மாவை நீண்ட மெல்லிய உருளையால் கடுதாசி போல் விரித்து, கீரையோ வெண்ணெய்க்கட்டியோ வைத்து மடித்து, இரும்புத் தட்டில் சுட்டுச் சூடாக நீட்டுகிறார்கள். கொஸ்லெமெ என்று பெயர். நமது ரொட்டிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் அந்தத் தாய் என் கையைப் பிடித்து உருளையைத் தந்தாள். என்னுடையது வட்டமாக வரவில்லை. மகள்காரி சிரித்த சிரிப்பு குடா முழுக்கக் கேட்டிருக்கும்.

இந்தக் கரைகளைப் பற்றி 1521லேயே ஒரு நூல் எழுதப்பட்டிருக்கிறது. உதுமானியக் கடற்படைத் தலைவர் பீரி ரெயிஸ் எழுதிய 'கிதாபே பஹ்ரிய்யே' அது. எந்தக் குடாவில் ஒதுங்கலாம், எங்கே குடிதண்ணீர் கிடைக்கும், எங்கே பாறை இருக்கிறது என்று மத்தியதரைக் கடலைத் துறைமுகம் துறைமுகமாக வரைபடத்தோடு சொன்னவர். 1526ல் அதை விரித்து சுல்தான் சுலைமானுக்குக் கொடுத்தார். இன்று அதே விவரம் கைத்தொலைபேசியில் வருகிறது.

மூன்றாம் இரவு கெமிலர் தீவுக்கு அருகே நின்றோம். இரவு இரண்டு மணியிருக்கும், மலையிலிருந்து காற்று இறங்கியது. கட்டில் நடுங்கியது. நங்கூரம் இடம் பெயர்ந்தால் ஒலிக்கும்படி வைத்திருந்த தொலைபேசி அலறியது. நானும் மகளும் மேலே வந்து பார்த்தபோது, பாறை டோர்ச் வெளிச்சத்தில் இத்தனை பக்கத்தில் தெரிகிறதே என்று எனக்கு உயிரே போய்விட்டது. அம்மையார் இரவு உடுப்போடு சுக்கானில் நின்றார். இரு பக்கப் படகிலும் தனித்தனி எஞ்சின். ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே படகைத் திருப்பினார். பெரியவர் முன்னால் நின்று மின் உருளையில் சங்கிலியைச் சுருட்டினார். மறுபடி போட்ட நங்கூரம் பிடிக்கவில்லை. மூன்றாம் முறைதான் பிடித்தது. 8 மீற்றர் ஆழத்துக்கு 40 மீற்றர் சங்கிலி விட்டார்கள். முழுவதும் அரை மணித்தியாலம். ஒருவரையொருவர் ஒரு தடவைகூட ஏசவில்லை. (நானும் என் கணவரும் ஒரு கட்டிலை நகர்த்துவதென்றாலே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.)

பெரியவர் படுக்கப் போய்விட்டார். விடியும்வரை அம்மையார் உட்கார்ந்திருந்தார், நானும் அவரோடு இருந்தேன். அப்போதுதான் சொன்னார். ஜனவரியில், மகள் வீட்டிலிருந்தபோது பெரியவருக்கு நெஞ்சுவலி வந்து, இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்களாம். இனிப் படகு வேண்டாம், விற்றுவிடுங்கள் என்று மகள் அழுதாளாம். விற்றால் திரும்பிப் போக வீடில்லை. இங்கிலாந்தில் அவர்களுக்கிருப்பது மகள் வீட்டின் சின்ன அறை ஒன்றுதான்.

"வீட்டை விற்க நான் இரண்டு வருடம் சம்மதிக்கவில்லை. கடல் அவருடைய ஆசை. இப்போது அவரே விற்கலாமா என்று கேட்கிறார், நான்தான் கொஞ்சம் பொறுங்கள் என்கிறேன். பார்த்தீர்களா என் நிலைமையை?"

ஜனவரிக்குப் பிறகு அவர் எல்லாவற்றையும் தனியே செய்யப் பழகியிருக்கிறார். கரை கட்டுவது, பாய் சுருக்குவது, றேடியோவில் உதவி கேட்பது எல்லாம். மிதவை ஒன்றைக் கடலில் எறிந்து, அதுதான் விழுந்துவிட்ட கணவன் என்று வைத்துக்கொண்டு, திரும்பிப் போய் எடுக்கும் பயிற்சியும் செய்திருக்கிறார். "முதல் நாள் அந்த மிதவைக்கு மேலாலேயே படகை ஓட்டிவிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தார். "அவரைத் தண்ணீரிலிருந்து தூக்கியெடுக்க என்னால் முடியுமா என்பது எனக்கு இன்னும் தெரியாது" என்றார்.

இந்தக் கடல் படத்தில் தெரிவது போல் எப்போதும் சாந்தமானதல்ல. கோடையில் ஈஜியன் கடலில் மெல்தெமி என்ற வடகாற்று நாட்கணக்கில் அடிக்கும். பிரான்சின் தெற்கே மிஸ்ட்ரல், ஏட்ரியாட்டிக்கில் போரா, சஹாராவிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வரும் ஸிரொக்கோ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு குணம். நான் திரும்பிய மறு வருடம், 2024 ஓகஸ்ட் 19ல், சிசிலிக் கரையில் நங்கூரமிட்டிருந்த 56 மீற்றர் நீளமான ஆடம்பரப் பாய்க்கப்பல் விடியற்காலைப் புயலில் மூழ்கி ஏழு பேர் இறந்த செய்தியைப் பார்த்ததும், முதலில் இந்த அம்மையாருக்குத்தான் செய்தி அனுப்பினேன்.

ஏழுமுனை என்று பெயர் கொண்ட செங்குத்தான கரையை விடியற்காலையிலேயே தாண்டினோம், பிற்பகலில் அங்கே அலை எழும். மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் வேகம், ஒரு சைக்கிள்காரன் எங்களை முந்திவிடுவான். அன்று எனக்குத் தலைசுற்றல், ஆகவே பத்தாரா கடற்கரையைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

காஷ் நகருக்கு எதிரே கிரேக்கத்தின் மெயிஸ் தீவு. துருக்கிக் கரையிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீற்றர்தான். அங்கே போய் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வரலாமே என்றேன். அம்மையார் ஒரு கொப்பியை எடுத்துக் காட்டினார். நாட்கள் சிவப்பு மையிலும் நீல மையிலும் எண்ணப்பட்டிருந்தன. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பின்பு, 2021 முதல், அவர்கள் கிரேக்கம், இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகளில் 180 நாளைக்கு 90 நாள்தான் விசா இல்லாமல் தங்கலாம். ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்து ஜூன் 29 வரை கிரேக்கத்தில் இருந்து அந்தத் தொண்ணூறையும் முடித்துவிட்டார்கள். இனிச் செப்டெம்பர் 28இலிருந்துதான். துருக்கியிலும் இதே 90 நாள் கணக்கு. ஜூலையில் இரண்டு வாரம் பேரனைப் பார்க்கப் போனதால் துருக்கியில் கொஞ்ச நாள் மிச்சமிருக்கிறது. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? படகுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 18 மாதம் வரி கட்டாமல் நிற்க அனுமதியுண்டு. படகைவிட மனிதருக்குத்தான் நாள் குறைவு.

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவர் தாமாகவே நிறுத்தினார். "நாங்கள் இதைப் பெரிய கஷ்டமாகப் பேசுகிறோம்" என்றார். துருக்கிக்கும் கிரேக்கத் தீவுகளுக்கும் இடைப்பட்ட இதே நீர்ப்பரப்பைத்தான் சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்தவர்கள் காற்றடைத்த றப்பர் தோணிகளில் கடந்தார்கள். 2015 செப்டெம்பரில் போத்ரும் அருகே கரையொதுங்கிய அந்தச் சிரியச் சிறுவனின் படத்தை நீங்களும் பார்த்து அழுதிருப்பீர்கள். ஒரு தீவுக் கரையில் ஒதுங்கிக் கிடந்த சிறு பிள்ளையின் உயிர்காப்பு அங்கி ஒன்றை அவர் ஒருமுறை கண்டாராம். அதைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை.

கடைசி நாள் கெக்கோவா. பழங்காலத்து நிலநடுக்கத்தில் பாதி மூழ்கிய ஊரின் சுவர்களும் படிகளும் தண்ணீருக்குள் தெளிவாகத் தெரிகின்றன. அங்கே நீந்தத் தடை. எதிரே கலேகொய் கிராமத்துக்கு வாகனப் பாதையே கிடையாது, படகில் அல்லது நடந்துதான் போக வேண்டும். கரையோரத் தண்ணீருக்குள் லிசியர் காலத்துக் கல்லறைப் பேழை ஒன்று தனியே நிற்கிறது. பெரியவர் அன்று உற்சாகமாக இருந்தார். எனக்குப் பாய்க் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடப் பழக்கினார், நாலு தரம் பிழைத்து ஐந்தாம் தரம் சரியாகப் போட்டேன். பிரிட்ஜ் கதவில் பேரன் வரைந்த படகுப் படம் ஒட்டியிருந்தது. அதில் இரண்டு பேருக்குப் பதிலாக ஐந்து பேர் நின்றார்கள்.

ஊச்சாஹிஸ் கரையில் நாங்கள் இறங்கும்போது, விற்பதா இல்லையா என்று மகள் கேட்டுவிட்டாள். பெரியவர் மனைவியைப் பார்த்தார். அம்மையார் கொப்பியைப் புரட்டி, "28ஆந் திகதி மெயிஸுக்குப் போகிறோம், அதற்குப் பிறகு பேசுவோம்" என்றார். பிறகு என்னிடம் கயிற்றை எறிந்துவிடச் சொன்னார். நான் கட்டையிலிருந்து கழற்றி எறிந்தேன். கயிறு தண்ணீரில் விழுந்தது. அவர் கொக்கித் தடியால் எடுத்துக்கொண்டார்.