இலவு பூக்கும் காலம்

நான் தமிழாசிரியனாகத் தில்லிக்கு வந்து சேர்ந்தது ஒரு சனவரி மாதத்தில். காலை பத்து மணிக்கும் பனிமூட்டம் விலகவில்லை. என் ஊர் காவிரிக் கரையில் உள்ளது. படித்துறையில் நிற்கும் மருத மரத்தையும், கொல்லையில் அம்மா வளர்க்கும் மல்லிகைப் பந்தலையும் விட்டு வந்த எனக்கு, இந்நகரில் அறிந்த முகமும் இல்லை. அறிந்த மரமும் இல்லை.

ஆண்டுதோறும் இடமாற்றம் வேண்டி விண்ணப்பம் எழுதினேன். ஞாயிறுதோறும் தொலைபேசியில் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "மாற்றல் வந்ததா, தம்பி?" என்பதே. "அடுத்த ஆண்டு வந்துவிடும், அம்மா" என்பதே என் மாறாத விடை. அதன்பின் இருவரும் சற்று நேரம் பேசாமல் இருப்போம். இப்படியே மூன்று ஆண்டுகள் கழிந்தன. என் வீட்டுச் சுவரில் ஓர் ஆணிகூட நான் அடிக்கவில்லை. புத்தகப் பெட்டிகளைப் பிரிக்கவில்லை. ஒரு துளசிச் செடியும் வைக்கவில்லை. நாளை விட்டுச் செல்லப்போகும் ஊரில் செடி எதற்கு என்று எண்ணினேன்.

நான்காம் ஆண்டு பிப்ரவரி இறுதியில், ஒரு விடுமுறை நாள் காலையில் லோதித் தோட்டத்திற்குச் சென்றேன். 15, 16 ஆம் நூற்றாண்டுகளில் தில்லியை ஆண்ட மன்னர்களின் கல்லறை மாடங்கள் அங்கே உள்ளன. அவற்றைச் சுற்றி முன்பு கைர்பூர் என்னும் சிற்றூர் இருந்தது. அவ்வூர் மக்களை வேறிடத்திற்கு அனுப்பிவிட்டு, 1936 ஆம் ஆண்டில் இத்தோட்டத்தை அமைத்தார்கள். இடம்பெயர்ந்தவர்களின் நினைவு அந்த மண்ணிலும் உண்டு என்று எண்ணியவாறே நடந்தேன்.

அப்போது என் காலடியில் 'பொத்'தென்று ஏதோ விழுந்தது. குனிந்து பார்த்தேன். உள்ளங்கை அளவுள்ள செந்நிறப் பூ. தடித்த ஐந்து இதழ்கள். நிமிர்ந்து பார்த்தேன். வானளாவ உயர்ந்த மரத்தில் ஓர் இலைகூட இல்லை. கிளையெங்கும் தீச்சுடர்கள் போலப் பூக்கள். கிளிகளும் மைனாக்களும் அணில்களும் அவற்றை மொய்த்துக்கொண்டிருந்தன. இளங்கிளைகளில் கூரிய முட்கள் தெரிந்தன.

அருகில் சருகு கூட்டிக்கொண்டிருந்த முதிய தோட்டக்காரரிடம் மரத்தின் பெயரைக் கேட்டேன். "சேமல்" என்றார். அதன் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும் என்றும், அப்பஞ்சைத் தலையணைக்கு அடைப்பார்கள் என்றும் இந்தியில் விளக்கினார். பிறகு, "உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டார்.

பஞ்சு என்றதுமே எனக்கு விளங்கிவிட்டது. "இலவு" என்றேன்.

சொன்னவுடன் எனக்கு நாணமாக இருந்தது. 'இலவு காத்த கிளி' என்னும் பழமொழியைப் பதினைந்து ஆண்டுகளாக வகுப்பில் கற்பித்து வந்தவன் நான். இலவின் காய் பழுக்கும், உண்ணலாம் என்று கிளி காத்திருந்ததாம். காயோ பழுக்காமல் வெடித்துப் பஞ்சாய்ப் பறந்துவிட்டதாம். நடக்காத ஒன்றிற்காக வீணே காத்திருப்பவரைக் குறிக்க இப்பழமொழியைச் சொல்வது வழக்கம். பொருளை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த நான், பூத்த இலவையும் கிளியையும் ஒருசேரக் கண்டதில்லை. 'குறிஞ்சிப்பாட்டு' நூலில் கபிலர் 99 மலர்களின் பெயர்களைச் சொல்கிறார். அவர் பூக்களை அறிந்து பெயர் சொன்னார்; நான் பெயர்களை மட்டும் அறிந்து வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து தில்லியின் சாலைகளில் அண்ணாந்து பார்த்தபடி நடக்கத் தொடங்கினேன். ஜன்பத் சாலையின் இருமருங்கிலும் வெளிர்நிறப் பட்டையுடன் நின்றவை, எங்கள் படித்துறையில் நிற்கும் அதே மருத மரங்கள். இங்கே அவற்றுக்கு அர்ஜுன் என்று பெயர். திருவிடைமருதூருக்கும், வயலும் வயல் சார்ந்த நிலத்திற்கும் பெயர் தந்த மரம், மூன்று ஆண்டுகளாக நான் பேருந்தில் கடந்து சென்ற சாலையிலேயே நின்றிருந்தது! இந்தியா கேட்டை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் நாவல் மரங்கள். மே மாத வெயிலில் பொன்னிறச் சரங்களாகத் தொங்கும் அமல்தாஸ், நம் கொன்றையே. அக்டோபர் இரவுகளில் தெருவையே மணக்கச் செய்வது ஏழிலைப் பாலை. ஒவ்வொரு மரத்தையும் தமிழில் பெயர் சொல்லி அழைத்தபோது, அந்தச் சாலை எனக்குச் சற்று நெருக்கமாயிற்று.

அடுத்த ஆண்டு, ஏழாம் வகுப்பில் பதினோரு மாணவர்கள் தமிழ் படித்தார்கள். அவர்களுள் ஒரு மாணவி எப்போதும் கடைசி இருக்கையில் அமர்ந்து சாளரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவள் எழுந்து, "ஐயா, எங்கள் தெருவில் ஒருவரும் தமிழ் பேசுவதில்லை. நான் எதற்காகப் படிக்க வேண்டும்? அடுத்த ஆண்டு தமிழ் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்" என்றாள். துடுக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டாள். மொழியின் தொன்மையைப் பற்றி நான் ஏதேதோ கூறினேன். அவள் பணிவுடன் கேட்டுவிட்டு அமர்ந்தாள். என் விடை அவளைத் தொடவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

பிப்ரவரி இறுதியில், தலைமையாசிரியரின் இசைவுடன் பதினொருவரையும் லோதித் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றேன். அதே இலவ மரத்தடியில் அமர்ந்தோம். உதிர்ந்த பூக்களைப் பொறுக்கிய மாணவர்கள், அவற்றின் இதழ்களையும் மகரந்தத் தாள்களையும் எண்ணத் தொடங்கினார்கள். நான் பழமொழியைச் சொல்லி, கிளி ஏமாந்த கதையை விளக்கினேன்.

அந்த மாணவி நெடுநேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஐயா, கிளி ஏமாறவில்லையே!" என்றாள்.

"ஏன் அப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டேன்.

"அதோ பாருங்கள். அது காய்க்காகக் காத்திருக்கவில்லை. இப்போதே பூவில் தேன் குடிக்கிறது. பழம் இல்லாவிட்டால் என்ன? அதற்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டதே."

மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவள் கிளியைப் பற்றித்தான் சொன்னாள். எனக்கோ என் விண்ணப்பங்கள் நினைவுக்கு வந்தன. வரப்போகும் ஓர் ஆணைக்காக, என்னைச் சுற்றிப் பூத்தவற்றையெல்லாம் பாராமல் ஆண்டுகளைக் கழித்தவன் நான். பழமொழியில் வரும் கிளி நானே. மரத்திலிருந்த கிளி என்னைவிட அறிவுடையதாக இருந்தது.

அந்த ஞாயிறன்று அம்மா வழக்கம்போல், "மாற்றல் வந்ததா, தம்பி?" என்று கேட்டார்.

"இல்லை, அம்மா. ஆனால் இங்கே இலவு பூத்திருக்கிறது" என்றேன். தோட்டத்தையும் கிளியையும் அந்த மாணவி சொன்னதையும் விரிவாகக் கூறினேன். அன்று எங்கள் உரையாடலில் மௌனம் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, "சரி, பஞ்சு உதிரும்போது கொஞ்சம் பொறுக்கி வை. கழுத்து வலிக்கு இலவம் பஞ்சுத் தலையணைதான் நல்லது" என்றார்.

மே மாதத் தொடக்கம். வகுப்பறையில் நுழைந்தபோது என் மேசைமீது வெடித்த இலவங்காய் ஒன்று இருந்தது. பட்டுப்போன்ற வெண்பஞ்சும், அதனுள்ளே சிறு கரிய விதைகளும் தெரிந்தன. எட்டாம் வகுப்புத் தமிழ் மாணவர்கள் பத்துப் பேராகக் குறைந்திருந்தார்கள். அந்த மாணவி அவர்களுள் இருந்தாள். இம்முறை இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்தாள். காயை யார் கொண்டு வந்தது என்று நான் கேட்கவில்லை. அந்தக் கோடையில் மாணவர்கள் சேர்த்துத் தந்த பஞ்சு ஒரு தலையணைக்குப் போதவில்லை. ஒரு சிறு திண்டுக்குப் போதியதாக இருந்தது. விடுமுறையில் அதை ஊருக்கு எடுத்துச் சென்றேன்.

இடமாற்ற விண்ணப்பத்தை நான் இன்றும் எழுதுகிறேன். அம்மாவுக்கு வயதாகிறது, அவருக்கு அருகில் இருக்க வேண்டும் என்னும் விருப்பம் சிறிதும் குறையவில்லை. ஆனால், புத்தகப் பெட்டிகளைப் பிரித்துவிட்டேன். மாடத்தில் துளசியும், ஊரிலிருந்து கொண்டுவந்த மல்லிகைப் பதியனும் வளர்கின்றன. தில்லிக் குளிரில் வாடும் மல்லிகை, பங்குனி பிறந்ததும் துளிர்த்துவிடுகிறது.

மாணவச் செல்வங்களே, நீங்கள் வாழும் ஊரிலும் உங்கள் வீட்டருகே ஒரு மரம் நிற்கும். அவ்வூர் மக்கள் அதை எப்பெயரால் அழைக்கிறார்கள் என்று கேட்டறியுங்கள். தமிழில் அதன் பெயர் என்ன என்று உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேளுங்கள். பிறகு அம்மரத்தடியில் சிறிது நேரம் நின்று, மேலே பாருங்கள். அங்கே ஒரு கிளி தேன் குடித்துக்கொண்டிருக்கலாம்.