பயிற்றுநருக்குக் கட்டணம் கொடுக்கலாமா?



உங்கள் போதகர் உடற்பயிற்சிக் கூடத்திற்குப் போகிறார், அதுவும் தனிப் பயிற்றுநர் ஒருவரை வைத்துக்கொண்டு போகிறார் என்ற செய்தி, நான் சொல்வதற்கு முன்பே சபையில் பரவிவிட்டது. "ஐயாவுக்கு இந்த வயசுல இது எதுக்கு?" என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். நானும் இரண்டு மாதங்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

எனக்கு வயது 57. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. நாள்தோறும் நடக்கிறேன். நடை மட்டும் போதாது, தசைகளுக்கும் வேலை கொடுங்கள் என்றார் மருத்துவர். உணவுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்பவை தசைகளே. வயது ஏற ஏற அந்தத் தசைகளே குறைந்துபோகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்போடு, இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. முதற்பகுதியை நடையினால் நிறைவேற்றிவிடலாம். இரண்டாவதற்குத்தான் எனக்கு வழி தெரியவில்லை.

வேறொரு காரணமும் உண்டு. என் தகப்பனார் தமது 74-ஆம் வயதில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அதன் பின் அவர் எழுந்து நடக்கவேயில்லை. 14 மாதங்கள் கட்டிலில் கிடந்தார். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாத நிலை அவருக்கு விழுவதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது. வயதானால் அப்படித்தான் என்று நாங்கள் எல்லாரும் இருந்துவிட்டோம். சென்ற ஆண்டு ஓர் அடக்க ஆராதனையில் முழங்காற்படியிட்டு ஜெபித்த நான், எழும்புவதற்கு இரண்டு வாலிபரின் கைகளைப் பிடிக்க வேண்டியிருந்தது. அன்று இரவு தகப்பனாரை நினைத்தேன்.

ஆனாலும் பணம் உறுத்தியது. கூடத்தின் மாதக் கட்டணம் 1,200 ரூபாய். தனிப் பயிற்றுநர் வேண்டுமானால் மாதம் 12 வகுப்புகளுக்கு மேலும் 6,000. ஒரு மணி நேரத்திற்கு 500 ரூபாய். போதகரின் சம்பளம் காணிக்கைத் தட்டிலிருந்து வருவது. அதில் பீடி சுற்றும் தாய்மாரின் கூலியும் இருக்கிறது. மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் சகோதரர் ஒருவரும் நம் சபையில் இருக்கிறார். அவர் பாரம் தூக்குவதற்குக் கூலி வாங்குகிறார். நான் பாரம் தூக்குவதற்குக் கூலி கொடுப்பதா? இதை அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "ஐயா, எனக்கும் மொதல்ல ஒரு பெரியவர்தான் சொல்லித் தந்தாரு. முதுகால தூக்காதல, தொடையால தூக்குன்னு. ஆறு மாசம் அவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தே என் கூலி கரைஞ்சிச்சு. அவர் இல்லேன்னா இந்நேரம் என் முதுகு போயிருக்கும்" என்றார்.

என் மனைவியின் பதில் இன்னும் சுருக்கமானது. "பைக்குக்கு வருஷத்துல மூணு தடவை சர்வீஸ் விடுறீங்க. அதுக்கு எந்த வசனத்தையும் தேடுனதா எனக்கு ஞாபகம் இல்லையே."

வசனத்தையும் தேடத்தான் செய்தேன். 1 தீமோத்தேயு 4:8-ஐக் காட்டிச் சரீர முயற்சியே வேண்டாம் என்போர் உண்டு. பவுல் அங்கே தேவபக்தியோடு ஒப்பிட்டுத்தான் சரீர முயற்சியின் பலனைச் சிறியது என்கிறார். பலனே இல்லை என்று சொல்லவில்லை. அவர் எழுதிய கிரேக்கச் சொல் 'கும்னாசியா'. இன்றைய 'ஜிம்' என்ற சொல்லும் அந்தக் குடும்பத்ததே. முந்தின வசனத்தில் தேவபக்திக்கேதுவாகப் பழகும்படி சொல்வதற்கும் அதே வேரிலிருந்து பிறந்த வினையையே அவர் கையாளுகிறார். சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920-லேயே தொடங்கினார் என்பதையும் நம்மில் பலர் மறந்துபோனோம்.

எனக்கு உண்மையில் உதவியது கலாத்தியர் 3:24-இல் வரும் 'உபாத்தி' என்ற சொல். மூலத்தில் அது பாடம் நடத்தும் ஆசிரியரைக் குறிப்பதன்று. பிள்ளையைக் கைப்பிடித்துக் கூட்டிச் சென்று, அதன் நடத்தையைக் கவனிக்கும் அடிமையைக் குறிப்பது. பிள்ளை வளர்ந்ததும் அவன் வேலை முடிந்துவிடும். பயிற்றுநரையும் அப்படிப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. ஆயுள் முழுவதும் மாதம் 6,000 கொடுக்க என்னால் இயலாது. இரண்டு மாதம், வாரத்திற்கு இருமுறை, மொத்தம் 16 வகுப்புகள் என்றால் 8,000 ரூபாய். அது இயலும்.

இருவரைப் பார்த்தேன். முதலாமவர் என் நோயைப் பற்றி ஒன்றும் கேளாமல் புரதப் பொடி டப்பாவை எடுத்து வைத்தார். நன்றி சொல்லிப் புறப்பட்டேன். இரண்டாமவர் என் மகனைவிட இளையவர். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், எப்போது சாப்பிட்டேன், இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டார். சர்க்கரை தாழ்ந்தால் உடனே வாயில் போடச் சட்டைப்பையில் மிட்டாய் வைத்திருக்கச் சொன்னார். பின்பு கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடிகளில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுகிறேன் என்று எண்ணினார். பத்து. அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த நோட்டைப் பார்த்ததும் இவர்தான் என்று தீர்மானித்தேன். "16 வகுப்புக்கு அப்புறம் நானே செய்யணும் தம்பி, சரியா?" என்றேன். "அதுக்குத்தானே ஐயா சொல்லித் தர்றேன்" என்றார்.

இதுவரை ஒன்பது வகுப்புகள் முடிந்திருக்கின்றன. பாரம் தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது என்பது எனக்குப் புதிய பாடம். அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறுமாம். குனிந்து எடுக்கையில் இடுப்பை எங்கிருந்து மடக்குவது என்பதை நூறு காணொளி பார்த்தும் நான் கற்றிருக்க மாட்டேன். அவர் முதுகில் ஒரு கோலை வைத்துக் காட்டியபோதுதான் புரிந்தது. சென்ற வாரம் எண்ணிக்கை பதின்மூன்று.

நடக்கத் தொடங்க விரும்புகிறவர்களுக்குப் பயிற்றுநர் வேண்டியதில்லை. செருப்பு நன்றாக இருந்தால் போதும். ஏற்கெனவே முறையாகப் பயின்று, சோம்பலால் மட்டும் நிறுத்தியவர்களுக்கு ஒரு நண்பர் துணை போதும். மூட்டு வலியோ இருதயக் கோளாறோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 60 வயதைக் கடந்தவர்களுக்காக, நாற்காலியில் உட்கார்ந்து செய்யக்கூடிய பயிற்சிகளை ஒருநாள் சபை மண்டபத்திற்கு வந்து காட்டித் தருவதாக அந்தத் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். நாள் குறித்ததும் அறிவிக்கிறேன்.