நட்சத்திரம் போட்ட கட்டம்!

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையைக் கேட்டிருப்பீர்கள். போர்வெல் போடப் போன இடத்தில் எனக்குப் பெண்டாட்டி கிளம்பினாள். கூடவே ஒன்பது வயசில் ஒரு பெண் குழந்தை!

சொந்த ஊர் திருச்செங்கோடு என்று சொன்னால் பாதி விஷயம் உங்களுக்கு விளங்கிவிடும். இந்தியாவில் எந்த மூலையில் பூமியைத் துளைக்கிற சத்தம் கேட்டாலும் பக்கத்தில் எங்க ஊர் ரிக் லாரி ஒன்று நிற்கும். கர்நாடகா, ஆந்திரா, மத்தியப் பிரதேசம் எல்லாம் துளைத்து முடித்து, கப்பலேறி ஆப்பிரிக்காவையும் துளைக்கப் போய்விட்டார்கள். நானும் போனேன். உடனே கையில் ஸ்பேனரோடு என்னைக் கற்பனை செய்யாதீர்கள். இன்றைக்கு எத்தனை அடி ஓடியது, கேசிங் பைப் எத்தனை இறங்கியது, டீசல் எத்தனை லிட்டர் 'ஆவியாகியது' என்று கணக்கு எழுதுகிற ஆபீஸ் பிராணி நான்.

கென்யாவில் மச்சாகோஸ். கரடு, முள்ளு, ஆடு... கண்ணை மூடித் திறந்தால் ராசிபுரம் பக்கம் நிற்கிற மாதிரி இருக்கும். ஆபீசுக்கு எதிரே ஒரு சப்பாத்திக் கடை. (ஆமாம், கென்யாவில் சப்பாத்தி வீட்டுச் சாப்பாடு. 1896-ல் மொம்பாசாவிலிருந்து ரயில் பாதை போடக் கூட்டிப் போன நம் ஆட்கள் வழியாகப் போய் ஒட்டிக்கொண்டது.) கடைக்காரி முதலில் சப்பாத்தி போட்டாள். பிறகு 'உகாலி' போட்டாள். சோளமாவுக் களிதான்! எங்கம்மா கிண்டுகிற அதே பதம். மனுஷன் எத்தனை நாள் தாங்குவான்? 2023 ஜனவரியில் பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டோம். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வாள், ஆகவே இங்கே அவள் 'கடைக்காரி', குழந்தை 'சின்னவள்'.

சின்னவள் என்னை 'ம்ஹிந்தி' என்றுதான் கூப்பிடுவாள். சுவாஹிலியில் 'இந்தியன்' என்று அர்த்தம். மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. ரேஷன் கார்டில் தலை எண்ணுகிற மாதிரி.

ஏப்ரலில் ஊரிலிருந்து போன். அம்மா தோட்டத்துச் சாளையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அலறி அடித்துக்கொண்டு வந்தேன். ஆபரேஷன், வாக்கர், பிசியோதெரபி என்று ஆறு மாசம் ஓடியது. கல்யாண விஷயத்துக்கு அதுவரை வாயே திறக்காத அம்மா, புரட்டாசியில் ஒரு நாள் கட்டிலில் படுத்தபடி சொன்னாள்.

"தீவாளிக்கு அந்தப் புள்ளைங்களைக் கூட்டியா சாமி. பாக்காமயே போயிருவனாட்ட இருக்குது."

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்குப் போவான். இங்கே பெண் இந்துமகா சமுத்திரத்தைத் தாண்டி மாமியார் வீட்டுக்கு வரவேண்டும். அதற்கு விசா வேண்டும். தீபாவளி நவம்பர் 12. கையில் இருந்தது நாற்பது நாள்.

இந்தியக் குடிமகனைக் கட்டிய வெளிநாட்டுப் பெண், பதிவான கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் நிறைந்தால் ஓ.சி.ஐ. அட்டைக்கு எழுதலாம். எங்களுக்கு ஒன்பது மாசம்தான் ஆகியிருந்தது. சட்டென்று கிடைப்பது இ-டூரிஸ்ட் விசா. உறவினரைப் பார்க்க வருவதும் அதில் அடக்கம். பெண்டாட்டி புருஷன் வீட்டுக்கு வருவது அரசாங்கக் கணக்கில் சுற்றுலா!

சேலம் ரோட்டில் ஒரு பிரௌசிங் சென்டர். அதை நடத்துகிற தம்பி ஆதார் திருத்தம் முதல் பட்டா மாறுதல் வரை கண்ணை மூடிக்கொண்டு தட்டுவான். "கென்யாங்களாண்ணா?" என்று ஒரு தடவை என்னை மேலும் கீழும் பார்த்தான். அப்புறம் தொழில் தர்மத்தோடு வேலையில் இறங்கினான்.

கைக்குழந்தையானாலும் தலைக்கு ஒரு பாஸ்போர்ட், தலைக்கு ஒரு விண்ணப்பம். (எங்க ஊர் மலைமேல் இருக்கிற அர்த்தநாரீஸ்வரர் அப்ளை பண்ணினால் ஒரு ஃபாரமா, ரெண்டு ஃபாரமா என்று தம்பி கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.) கடைக்காரியின் ஃபாரம் சிரிப்பும் சந்தோஷமுமாக நகர்ந்தது. கண்ணுக்குத் தெரியும் அங்க அடையாளம்? எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கு மச்சம் தேடின பரம்பரை நாம், அது பிரச்னையே இல்லை. அப்பாவோ அம்மாவோ தாத்தா பாட்டியோ பாகிஸ்தானைச் சேர்ந்தவர்களா? அவள் தாத்தா கிட்டுயி பக்கம் ஆடு மேய்த்தவர். இல்லை! கணவர் பெயர்? பாஸ்போர்ட்டில் என் இனிஷியலை விரித்து அப்பா பெயரை 'சர்நேம்' ஆக்கி வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே அடித்தோம். அந்த ஃபாரத்தின்படி அவள் பாதி எனக்கும் பாதி எங்கப்பாவுக்கும் வாழ்க்கைப்பட்டவள்!

அடுத்தது சின்னவள். நீ எப்போதாவது கைதாகியிருக்கிறாயா, போதைப்பொருள் கடத்தினாயா, பயங்கரவாதத்தில் ஈடுபட்டாயா என்று நாலாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்கிறது ஃபாரம். எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டோம். இதற்கு முன்னால் குடும்ப விவரம் என்று ஒரு பக்கம் வந்ததே, அதில்தான் வண்டி நின்றுபோயிருந்தது.

தகப்பனார் பெயர். பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். நட்சத்திரம் போட்ட கட்டத்தைக் காலியாக விடமுடியாது.

"சொல்லுங்கண்ணா."

நான் என்னத்தைச் சொல்ல? சின்னவள் பிறந்தது 2014. அப்போது கென்யாவில் ஒரு சட்டம். கல்யாணமாகாத தாய்க்குப் பிறந்த பிள்ளை என்றால், பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் வரவேண்டிய இடத்தில் வரிசையாகப் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்துவிடுவார்கள். 2016-ல் அந்த நாட்டு உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. சின்னவளின் காகிதத்தில் பெருக்கல் குறி அப்படியே இருந்தது. நம் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கே 2016 டிசம்பரிலிருந்து தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் போதும். விசா ஃபாரம் கேட்கிறதே!

தம்பி குரலைத் தாழ்த்தினான். "உங்க பேரையே போட்ரலாமுங்ணா. நீங்க அப்பா மாதிரிதானுங்களே? எவன் வந்து பாக்கப் போறான்?"

கேட்டுக்கொண்டே அடித்தும்விட்டான்.

உத்தமன் வேஷமெல்லாம் போடப் போவதில்லை. டீசல் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுப் பழகின கை இது. அந்தக் கட்டத்தில் என் பெயரைப் பார்த்தபோது தப்பாகவே படவில்லை. நன்றாக இருந்தது. பத்து செகண்ட் இருக்கும், பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம்தான் பயம் வந்தது. போலீசுக்கு இல்லை, அவளுக்கு. வெளியே வந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் எதிர்முனையில் சத்தம் இல்லை. அடுப்பில் சப்பாத்தி தீய்கிற நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "அதை அழித்துவிடு" என்றாள். "சான்றிதழில் தகப்பன் இல்லை என்று எழுதியது ஆபீஸ், நான் இல்லை. பேர் இருக்கிறது. ஆள்தான் இல்லை. நானே எழுதுகிறேன்."

பாதியில் நிறுத்தின விண்ணப்பத்துக்கு ஒரு தற்காலிக எண் கொடுப்பார்கள். அதை வைத்து எங்கிருந்தும் திறந்து தொடரலாம். எண்ணை அனுப்பினேன். மறுநாள் காலை தம்பியின் கடையில் திறந்து பார்த்தால் கட்டம் நிரம்பியிருந்தது. பெயர், பிறந்த ஊர், நாடு எல்லாம். நான் கேட்டதில்லை, அவள் சொன்னதும் இல்லை. ஒன்பது வருஷமாய் அவள் வாயில் வராத பெயரைத் திருச்செங்கோட்டில் ஒரு ஓட்டை ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து முதன்முதலாகப் படித்தேன். கொஞ்சம் வயிறு எரிந்தது என்பதை மறைப்பானேன்?

என் பெயர் வேறொரு இடத்தில் வந்தது. 'இந்தியாவில் ரெஃபரன்ஸ்: பெயர், முகவரி, தொலைபேசி.' வாடகைக்கு வீடு பார்க்கிறவனுக்குச் சிபாரிசு பண்ணுகிற மாதிரி!

நாலு நாளில் கடைக்காரிக்கு 'கிராண்டட்'. சின்னவளுக்கு 'பரிசீலனையில்'. தகப்பன் கட்டம்தான் மாட்டிக்கொண்டது என்று முடிவே கட்டிவிட்டேன். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. மூணாம் நாள் மெயில் வந்தது: போட்டோவை மாற்று! பின்னணி வெள்ளையாக, நீளமும் அகலமும் சமமாக இருக்கவேண்டும் என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நாங்கள் பள்ளிக்கூட ஐ.டி. கார்டுக்கு எடுத்த நீலப் போட்டோவைச் சதுரமாக வெட்டி ஏற்றியிருந்தோம். இதற்கா இத்தனை தூக்கம் போச்சு!

விசாவோடு முடிந்ததா? கென்யாவிலிருந்து வருகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை காட்ட வேண்டும். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் செல்லும், ஆனால் போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் செல்லும். அட்டை இல்லாமல் இறங்கினால் ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். ஊசிக்குக் குறித்த நாளில் சின்னவளுக்குச் சளிக்காய்ச்சல். அக்டோபர் 25-ல்தான் போட முடிந்தது. டிக்கெட் நவம்பர் 5. விரல் விட்டு எண்ணினேன், தம்பி எண்ணினான், அம்மா படுத்தபடி காலண்டரில் எண்ணினாள். ஒரு நாள் மிச்சம்!

மும்பையில் இறங்கி, அங்கிருந்து கோவைக்கு விமானம் மாறி வந்தார்கள். மும்பையில் நடந்ததைக் கடைக்காரி காரில் சொன்னாள். இமிக்ரேஷன் அதிகாரி தாயின் பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே பிள்ளையிடம், "இந்தியாவில் யாரைப் பார்க்கப் போகிறாய்?" என்று கேட்டிருக்கிறார். இவள் வாய் திறக்கும் முன் சின்னவள் சொல்லிவிட்டாள். "பாபா ம்டோகோ."

'பாபா' என்றால் அப்பா. 'ம்டோகோ' என்றால் சின்ன. அப்பாவின் தம்பியை அப்படித்தான் சொல்வார்கள். அட, நம்ம சித்தப்பா! தாயைக் கட்டியவனுக்கு அங்கே வேறொரு வார்த்தை இருக்கிறது, அகராதியில் பார்த்து வைத்திருந்தேன். அதை அவள் சொல்லவில்லை. 'ம்ஹிந்தி'யும் சொல்லவில்லை.

கடைக்காரி 'சின்ன அப்பா' என்று இங்கிலீஷில் விளக்க, அதிகாரி "ஓ... சாச்சா!" என்று சொல்லி முத்திரையைக் குத்தினாராம்.

சங்ககிரி தாண்டும்வரை நான் பேசவில்லை. ரோட்டில் முட்டை லாரி நிறையப் போனது, அதைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தும் ஒரு ஃபாரம் பாக்கி! வெளிநாட்டார் யார் வீட்டில் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் ஆன்லைனில் தெரிவிக்கவேண்டும். லாட்ஜ், ஓட்டல் மட்டுமில்லை, சொந்த வீடும்தான். வீடு அம்மா பேரில். "அம்மா, நீ இப்போ லாட்ஜ் ஓனர்" என்றேன்.

"என்ர பேத்தி என்ர ஊட்ல இருக்கறதுக்கு நான் ஆரு கிட்டடா எழுதித் தரோணும்?"

தம்பி அன்றைக்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

சின்னவள் வீடெங்கும் "மாமா, மாமா" என்று ஓடிக்கொண்டிருந்தாள். சுவாஹிலியில் அது அம்மா. "எந்த மாமனைடி தேடுது இந்தப் புள்ள?" என்று பக்கத்து வீட்டு அக்கா நாலு பேரிடம் விசாரித்துவிட்டது.

தீபாவளிக் காலை, நாலரை மணி. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, சின்னவளை மணையில் உட்காரவைத்து நல்லெண்ணெய் தேய்த்தாள். அந்தச் சுருட்டை முடிக்குள் விரல் போகவில்லை. விட்டுவிடாமல் தேய்த்தாள்.

"என்னை என்னன்னு கூப்புடுவாளாம்?"

"பாட்டின்னு சொல்லித் தரேன்மா."

"ஊருப்பட்ட கெழவியெல்லாம் பாட்டிதான். அப்பத்தான்னு கூப்புடச் சொல்லு."

சின்னவள் ரெண்டு தடவை திக்கினாள். மூணாவது தடவை சரியாக வந்தது. அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள்.

"நீ எதுக்குடா மரமாட்ட நிக்கறே? போயி வெந்நி காஞ்சுதான்னு பாரு."