திரும்பவில்லை என்று மட்டும்

ஒருவரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஏழு ஆண்டுகளாக எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. கடனுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியவனை நினைத்துப் பார்த்தால் நியாயமான விதிதான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வீசியபோது ஆழ்கடலில் இருந்தவர்களின் வீடுகளுக்கோ அது ஏழு ஆண்டுப் பட்டினி.

குமரி மாவட்டம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருவதால், காணாமல் போனவர்களுக்கான மனுக்கள் அது இருக்கும் ஒத்தக்கடைக்கு வந்தன. இறந்த மீனவர் குடும்பத்துக்கு அரசு 20 லட்சம் ரூபாய் அறிவித்தது. உடல் கிடைக்காதவர்களுக்கும், சுனாமிக்குப் பிறகு செய்ததுபோல, ஏழு ஆண்டு காத்திராமல் விசாரணை நடத்தி வழங்க முடிவானது. பேரிடரில் சிக்கியவர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம் என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டம். அந்த உரிமையைத் தேடி அந்தக் குடும்பங்கள் வராது, நாம்தான் போக வேண்டும் என்று வக்கீல்கள் சிலர் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறித் தூத்தூர் கரைக்குப் போனோம். உடன் வந்த இளம் வக்கீல்களுக்கு ரிட் மனு போடும் ஆசை. அதில்தானே பெயர் பத்திரிகையில் வரும். அங்கே தேவைப்பட்டதோ ஒரு மேசையும் பொறுமையும்தான். படகில் யார் யார் ஏறினார்கள் என்பதற்கு எழுத்து எதுவும் இல்லை. படகு உரிமையாளரின் வாக்குமூலத்தை வாங்க வேண்டியிருந்தது. ரேஷன் கார்டில் வீட்டுப் பெயர், கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் புனிதர் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டுவதற்கே பாதி நாள் போனது.

அங்கே ஒரு பெண், எல்லாத் தாளும் சேர்ந்த பிறகு, பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கணவரைக் கண்டுபிடித்துத் தரக் கேட்ட மனு ஒன்றில் அவரும் சேர்ந்திருந்தார். அந்த மனுவில் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, இங்கே இறந்துவிட்டார் என்று சத்தியம் செய்யச் சொல்கிறோம்.

“ஆளு திரும்பி வந்தா என்ன செய்யது, சாரே?”

சட்டப்படியே அவர் கேட்டது சரி. பிரமாணப் பத்திரத்தில் ஒருவர் தானே அறிந்ததைத்தான் அறிந்ததாகச் சொல்ல முடியும். கணவர் இறந்ததை அவர் அறியவில்லை. ஆகவே அச்சடித்த படிவத்தில் இறந்துவிட்டார் என்றிருந்த வரியை அடித்துவிட்டு, இன்ன நாள், இன்ன படகில் தொழிலுக்குப் போனார், இதுவரை திரும்பவில்லை என்று எழுதினோம். இறந்தாரா என்பதை முடிவு செய்யும் பொறுப்பு விசாரிக்கும் அதிகாரிகளுடையது. அதை மனைவியின் தலையில் கட்டுவது அரசுக்கு வசதி, அவ்வளவுதான். வாங்கிய அலுவலர் முகம் சுளித்தார். படிவம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்றார். பிரமாணம் ஆளுக்கு ஆள் வேறு என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முத்திரை வைத்தார். வரிசையில் அடுத்திருந்த பெண், தன் தாளிலும் அப்படியே எழுதித் தரச் சொன்னார்.