தேத்தண்ணீர்க் கடைத் தேர்வாளர்கள்

கொழும்பின் வடபால் அமைந்த கொட்டாஞ்சேனைக்கும் கெத்தாராம விளையாட்டரங்கிற்கும் இடையே தொலைவு அதிகமில்லை. அங்கே கிரிக்கெட் ஆட்டம் என்றால், முதல்நாள் மாலையே இங்கே அணி தெரிவாகிவிடும். தேத்தண்ணீர்க் கடை வாங்குகளில் தமிழும் சிங்களமும் கலந்து ஒலிக்கும். "இன்னுமொரு சுழற்பந்து வீச்சாளர் வேண்டும்" என்பார் ஒருவர். "அப்படியானால் ஓட்டங்களை உம்முடைய பாட்டனாரா எடுப்பார்?" என்பார் மற்றவர்.

1973ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டப்படி, தேசிய அணிக்கு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். தேத்தண்ணீர்க் கடையின் ஒப்புதலை எவரும் கேட்பதில்லை. ஆயினும் வாதம் ஓய்வதில்லை. நாட்டின் பதினொரு பெயர்களுள் தம்மவர் பெயரும் இடம்பெறுமா என்னும் ஏக்கமும் அதில் கலந்திருக்கிறது.

1992 ஆகஸ்டில், அவுஸ்திரேலியாவுக்கு எதிராக, அதே கெத்தாராமவில் கண்டித் தமிழ் இளைஞர் முத்தையா முரளிதரன் தமது முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடினார். வயது 20; வீழ்த்தியவை மூன்றே விக்கெட்டுகள். அந்த ஓர் ஆட்டத்தைக் கொண்டே அளந்திருந்தால், அவர் பெயர் பட்டியலிலிருந்து நீங்கியிருக்கும். 2010இல் விடைபெற்றபோது கணக்கு 800. தெரிவு என்பது நேற்றைய கணக்கைக் கூட்டுவது மட்டுமன்று. நாளைய ஆற்றலை நம்புவதுமாகும். அந்த நம்பிக்கை, பெயரின் மொழியைப் பார்த்து வருவதாகாது.

எதற்கும் இரு கட்சியாகப் பிரியும் அக்கடையில், அந்த 800ஐப் பற்றிய பேச்சில் மட்டும் ஒரே கட்சிதான்.