மயில்கழுத்து நிறத்தில் ஒரு பரங்கிக்காய்



அக்டோபர் பிறந்தாலே நியூஜெர்சியில் என் மகள் வீட்டுத் தெருவில் பேய் பொம்மைகள் தொங்க ஆரம்பித்துவிடும். 31ஆம் தேதி ஹாலோவீன். பிள்ளைகள் வேஷம் கட்டி, கையில் கூடையோடு வீடு வீடாகப் போவார்கள். வீட்டுக்காரர்கள் மிட்டாய் போடுவார்கள். குலசை தசராவுக்கு வேஷம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை வாங்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் எனக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை.

ஆனால் என் பேரனுக்கு வேர்க்கடலை ஆகாது. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்ற அளவில் இல்லை. துளி உள்ளே போனாலும் உதடு வீங்கி மூச்சு இறுகிவிடும். அவன் போகும் இடமெல்லாம் எப்பிநெஃப்ரின் ஊசியும் கூடவே போகும்.

ஹாலோவீன் சாக்லேட்டுகள் சின்னச் சின்னத் துண்டுகள். என்னென்ன சேர்த்திருக்கிறது என்பது பெரிய பையின் உறையில் இருக்கும். பல துண்டுகளின் தாளில் இருக்காது. எனவே வீட்டுக்கு வந்ததும் மகள் கூடையைக் கொட்டி, ஒவ்வொன்றாகப் பிரிப்பாள். பாதிக்கு மேல் கழிந்துவிடும். பேரன் அழ மாட்டான். "இது என்னோடது இல்ல ஆச்சி" என்று தானே எடுத்து நீட்டுவான். ஆறு வயதில் அந்தப் பக்குவம் வந்திருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதற்கு அங்கேயே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2012இல் டென்னசி மாநிலத்தில், ஒவ்வாமை உள்ள பிள்ளையின் தாய் ஒருவர் தொடங்கிவைத்தது. 2014இல் ஃபேர் என்ற உணவு ஒவ்வாமை அமைப்பு அதை நாடு முழுவதும் கொண்டுபோனது. வாசலில் மயில்கழுத்து நிறம் பூசிய பரங்கிக்காய் இருந்தால், அந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத பரிசும் உண்டு என்று அர்த்தம்.

போன வருஷம் நாங்களும் ஒன்று வைத்தோம். பரிசுகளைக் கடையில் வாங்கலாம். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே! பென்சில் தலையில் பஞ்சு வைத்து, வெள்ளைத் துணியால் மூடி, நூலால் கட்டி, இரண்டு கண் வரைந்தால் பேய். கறுப்புச் சார்ட்டில் வெட்டிய வௌவால், புத்தகத்துக்கு அடையாள அட்டை. பச்சைத் தாளில் மடித்த குதிக்கும் தவளை. அட்டை வட்டத்தின் நடுவே பென்சில் துண்டு செருகினால் பம்பரம். என்னிடம் படித்தவர்களுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கும்.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மைதாவில் பிசையும் விளையாட்டு மாவு வேண்டாம். கோதுமை ஆகாத பிள்ளைகள் உண்டு. பலூனும் வேண்டாம், ரப்பர் ஒவ்வாமை ஒருபுறம், சிறு பிள்ளை விழுங்கினால் மூச்சடைக்கும் என்ற பயம் மறுபுறம். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொத்தான், மணி, பம்பரம் எதுவும் கூடாது. டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக் குழாய்க்குள் நுழையும் பொருள் எதையும் அந்த வயதுக்குக் கொடுக்காதீர்கள். மிட்டாயும் வைப்பதானால் வேறு தட்டில் வையுங்கள். பரிசோடு கலக்க வேண்டாம்.

அன்று இரவு பேரன் தெருவைச் சுற்றிவிட்டுச் சீக்கிரமே திரும்பி, வாசலில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும், "இந்தத் தட்டுல எல்லாரும் எடுக்கலாம்" என்றான். இளவரசி வேஷத்தில் ஒரு சிறுமி பரங்கிக்காயைப் பார்த்ததுமே அம்மாவிடம் கேட்காமல் கையை நீட்டினாள். அவளுடைய அம்மா என்னைப் பார்த்துக் கும்பிடாத குறையாக நன்றி சொன்னார். ஒவ்வாமை எதுவும் இல்லாத பிள்ளைகள் கூட மிட்டாயை விட்டுவிட்டுப் பேய்ப் பென்சிலைத்தான் தேடினார்கள். ஒன்பது மணிக்கு முன்பே தட்டு காலி.

அமெரிக்காவில் பொட்டலங்களில் தவறாமல் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் இப்போது 9. 2023 முதல் எள்ளும் அதில் உண்டு. ஆகவே அங்கே இருக்கும் நம் பிள்ளைகளே, பாசத்தோடு எள்ளுருண்டை, கடலை மிட்டாய் நீட்டும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இங்கே ஊரில் ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, வகுப்பில் பிறந்தநாள் சாக்லேட் சுற்றி வரும்போது எந்தப் பிள்ளை கையை மடக்கிக்கொள்கிறது என்று கொஞ்சம் கவனியுங்கள். மேசை அறையில் நாலு பேய்ப் பென்சில் இருந்தால் போதும்.

இந்த வருஷம் எழுபது பேய் கட்ட வேண்டும். யாராவது செய்தால் படம் அனுப்புங்கள், பேரனிடம் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்