எந்தச் சங்கத்துச் சான்றிதழ்?

சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஹாக்கி மட்டை வைத்திருந்தவர்கள் நாங்கள் ஏழு பேர். வெள்ளைக்கல் தூசி படிந்த மண்ணில், சேர்வராயன் மலையைப் பார்த்தபடி ஆடுவோம். 2005 ஜனவரியில், கோரிமேட்டு டீக்கடை டிவியில் பிரீமியர் ஹாக்கி லீக் வந்தது. ஹைதராபாத் கச்சிபவுலி மைதானம், நீர் தெளித்த டர்ஃப், பதினேழரை நிமிடமாக நான்கு கால் ஆட்டம். தன்ராஜ் பிள்ளை மராத்தா வாரியர்ஸுக்கு ஆடினார். நம் பக்கத்துக்குச் சென்னை வீரன்ஸ். ஹாக்கி ஆடினால் சம்பளம் உண்டு என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். எனக்கு வயது 15.

அடுத்த மூன்று வருடமும் பள்ளி விட்டதும் மட்டையோடுதான் இருந்தேன். இடது பக்க ஹாஃப். மாவட்டப் போட்டிகளில் ஆடி வாங்கிய சான்றிதழ்களை அம்மா ரேஷன் கார்டோடு சேர்த்துப் பெட்டியில் வைத்தாள்.

2008 மார்ச்சில், சிலியின் சாந்தியாகோவில், ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் இந்தியா பிரிட்டனிடம் 0–2 என்று தோற்றது. 80 வருடத்தில் முதன்முறையாக ஒலிம்பிக்கில் நம் அணி இல்லை. அந்த இரவு நாங்கள் ஏழு பேரும் ஏற்காடு ரோட்டோரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். ஏப்ரலில் இந்திய ஹாக்கி சம்மேளனத்தை இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்தது. நான்கு பருவம் ஓடிய லீகும் அத்தோடு நின்றது. 2009-இல் ஹாக்கி இந்தியா பிறந்தது. பழைய சம்மேளனமும் விலகவில்லை.

டெல்லிச் சண்டை எங்கள் ஊர்வரை வருமென்று நினைக்கவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்குப் போனேன். காகிதங்களைப் புரட்டியவர் கேட்டார்: "இது எந்தச் சங்கத்துச் சான்றிதழ் தம்பி?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஆடியது தெரியும், ஜெயித்தது தெரியும், கையெழுத்துப் போட்டவர் எந்தப் பக்கம் என்று தெரியாது. வேலை கிடைக்கவில்லை. அந்தக் கேள்வி இன்றும் என் தொண்டையில் நிற்கிறது.

2012-இல் பழைய சம்மேளனமும் நிம்பஸ் நிறுவனமும் சேர்ந்து வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி தொடங்கின. எட்டு அணிகள், 59 ஆட்டங்கள். ஹாக்கி இந்தியாவும் உலகக் கூட்டமைப்பும் அதை ஏற்கவில்லை. அதில் ஆடுகிறவனுக்கு நாட்டு அணியின் கதவு மூடும் நிலை. பனி ஹாக்கியிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. வட அமெரிக்காவில் 1972-இல் எதிர் லீகாக எழுந்த வேர்ல்டு ஹாக்கி அசோசியேஷன் 1979-இல் மூடியபோது, அதன் நான்கு அணிகளையாவது பெரிய லீக் சேர்த்துக்கொண்டது. இங்கே ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்த வேர்ல்டு சீரிஸைப் பார்க்க, ராத்திரி சேலம்–எழும்பூர் ரயிலில் அன்ரிசர்வ்டில் நின்றுகொண்டே போனேன். மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் சென்னை சீட்டாஸ் ஆட்டம். பந்து ஈர டர்ஃபில் உருளும் சத்தத்தை முதன்முதலாக நேரில் கேட்டேன். எங்கள் மண்ணில் பந்துக்கு அந்தச் சத்தம் கிடையாது. பக்கத்தில் ஒரு பெரியவர், ஒவ்வொரு பெனால்டி கார்னருக்கும் எழுந்து நின்றவர், சொன்னார்: "இவங்கள்ள எத்தன பேரு இனி இந்தியாவுக்கு ஆடப் போறாங்களோ, பாவம்." தன்ராஜ் பிள்ளை அந்தப் பருவத்தில் கர்நாடகா லயன்ஸுக்காக 43 வயதில் மட்டை பிடித்தார்.

ஷேர்-இ-பஞ்சாப் கோப்பை வென்றது. இரண்டாம் பருவம் வரவேயில்லை. அந்த வருட லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா 12-ஆவது, அதாவது கடைசி. மறுவருடம் ஹாக்கி இந்தியா லீக் தொடங்கி, 2017 வரை நடந்தது; அதில் சென்னைக்கு அணியே இல்லை. அந்த ஐந்து வருடமும் நான் பார்க்கவில்லை. ஆட்டத்தின் மீது கோபமில்லை, ஆனால் பார்க்க முடியவில்லை.

2024 டிசம்பரில் அந்த லீக் திரும்பவும் வந்தது. தமிழ்நாடு டிராகன்ஸ் என்று ஓர் அணி. அக்கா மகன் போனில் ஆட்டத்தை வைத்துக்கொண்டு, "மாமா, நீங்க ஆடுன மட்டை இருக்கா?" என்றான். பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கைப்பிடியில் சுற்றிய டேப்பின் பசை அவன் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. துடைக்காமலே வாசலுக்கு ஓடினான்.